கத்திரி வெயிலில் ஒரு தேங்காய்ச் சட்னி

“ரெண்டு ரொட்டிக்கு நடுவுல வெள்ளரிக்காய் வைக்கிறதுக்கா அம்மா நான் இங்க வந்தேன்?”

கேட்டவர் தாயுமானவன். கல்யாண சமையல் மாஸ்டர். முசிறி, குளித்தலை, கரூர்ப் பக்கம் அவர் பந்தியில் ஒரு தடவையாவது உட்காராத குடும்பம் இருக்காது. அறுபதைத் தாண்டியதும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு இந்த ஆற்றங்கரை ஆசிரமத்துக்கு வந்து சேர்ந்தவர். கோபம் வந்தால் அவருக்குக் காது மடல் சிவக்கும். இப்போது நன்றாகவே சிவந்திருந்தது.

பதில் சொல்ல வேண்டியவர் பூங்கோதை அம்மா. ஆசிரமத்தின் குரு. மாஸ்டரின் மூத்த மகளைவிட வயதில் சின்னவர். ஆனாலும் அங்கே எல்லாருக்கும் அவர் அம்மாதான், மாஸ்டருக்கும்தான்.



“வாங்க” என்று அம்மா முன்னால் நடந்தார். சமையல்கட்டுக்குள் போய், அணைந்து கிடந்த அடுப்புக்கு முன்னால் மாஸ்டரை நிறுத்தினார். தலைக்கு மேலே தகரக் கூரை.

“நில்லுங்க.”

மாஸ்டர் நின்றார். அம்மாவும் பக்கத்தில் நின்றார். கொஞ்ச நேரத்தில் மாஸ்டரின் பனியன் முதுகோடு ஒட்டிக்கொண்டது. மூச்சு வாங்கியது.

“அடுப்பு பத்தவைக்கட்டுமா மாஸ்டர்?”

“ஐயோ, வேணாம்மா.”

“கத்திரி முடியிற வரைக்கும் இங்க அடுப்பு கிடையாது. மலைக்கோயிலுக்கு நடக்கிறவங்க மத்தியானம் வந்து வாசல்ல நிப்பாங்க. அந்த வெயில்ல வந்தவங்களுக்குச் சாம்பார் தொண்டையில இறங்காது. சீக்கிரமா ஆகணும், சுலபமா ஆகணும், வயித்துக்குக் குளிர்ச்சியா இருக்கணும். செய்வீங்களா?”

மாஸ்டர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

“செய்யிறேன்மா.”

முணுமுணுத்துக்கொண்டேதான் சொன்னார். மரியாதை தெரிந்த மனுஷன்தான். ஆனால் தொழில் கர்வம் என்று ஒன்று இருக்கிறதே, அது லேசில் விடாது.

ஆனால் அந்த முணுமுணுப்புக்கு உண்மையான காரணம் கர்வம் இல்லை. பயம்.

போன வருஷம் மாஸ்டருக்கு ஒரு காய்ச்சல் வந்தது. ஒரு வாரம் படுத்தார். எழுந்தார். காபி கொண்டுவந்து கொடுத்தார்கள். வாயில் வைத்தார். சூடு தெரிந்தது. வேறு ஒன்றும் தெரியவில்லை.

சரியாகிவிடும் என்று இருந்தார். ஆகவில்லை. மல்லிகைப்பூ, பெருங்காயம், பினாயில் எல்லாம் அவர் மூக்குக்கு ஒன்றுதான். சர்க்கரையும் மிளகாய்த்தூளும் நாக்குக்கு ஒன்றுதான். மிளகாய் எரியும், அவ்வளவுதான். அதற்கு ருசி கிடையாது.

யாரிடம் சொல்ல முடியும்? சமையல் மாஸ்டருக்கு நாக்கு செத்துவிட்டது என்று ஊருக்குத் தெரிந்தால் அப்புறம் யார் அவரை மாஸ்டர் என்று கூப்பிடுவார்கள்?

வீட்டில்கூடச் சொல்லவில்லை. “போதும், இனிமே சாமி வழி” என்று அறிவித்துவிட்டு ஆசிரமத்துக்கு வந்துவிட்டார். ஊர் கையெடுத்துக் கும்பிட்டது. எப்பேர்ப்பட்ட தொழிலை உதறிவிட்டுப் போகிறார் பார் என்றது.

உதறினாராம். பாவம், அது அவருக்கல்லவா தெரியும்.

*

சமையல்கட்டில் அவருக்குத் துணை நல்லுசாமி. ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். வாய் ஓயாது. மூக்குப்பொடி டப்பா இடுப்பைவிட்டு இறங்காது.

“மாஸ்டர், இந்த சாண்ட்விச்ச வெள்ளைக்காரன் எதுக்குக் கண்டுபிடிச்சான் தெரியுமா?”

“எதுக்கு?”

“அவன் வீட்டுல யாரும் சமைக்கல. அதுக்குத்தான்.”

“பேசாம வெண்ணெயத் தடவுய்யா. ஓரம் வரைக்கும் தடவு. ஓரத்துல விட்டா வெள்ளரித் தண்ணி இறங்கி ரொட்டி சொதசொதன்னு ஆயிடும்.”

குறை சொன்னாலும் வேலை சுத்தம். வெண்ணெய் தடவிய ரொட்டி. அதன் மேல் துணியில் கட்டித் தொங்கவிட்ட தயிர், அதில் மிளகுத்தூள். கேரட் துருவல். வட்ட வட்டமாக வெள்ளரி. மேலே இன்னொரு ரொட்டி. ஈரத்துணி போட்டு மூடி நிழலில் வைப்பார். உப்பும் மிளகும் அவருக்குக் கைக்கணக்கு. நாக்கு போனாலும் கை போகவில்லை.

முதல் நாள் நல்லுசாமி தயிர்க் கிண்ணத்தில் விரலைவிட்டு நக்கினார். மாஸ்டர் துள்ளிக் குதித்துவிட்டார்.

“யோவ்! பெரியவருக்குக் காட்டாம வாயில வைக்கிறியா? இது ஆசிரமமா, உன் பஸ் ஸ்டாண்டு டீக்கடையா?”

பெரியவர் என்றால் ஆசிரமத்தை ஆரம்பித்தவர். தோட்டத்தில் அவர் சமாதி இருக்கிறது. எது சமைத்தாலும் முதலில் அங்கே கொண்டுபோய்க் காட்டுவது வழக்கம். அதற்கு முன் யாரும் ருசி பார்க்கக் கூடாது. இந்த வழக்கத்தை இத்தனை நாள் யாரும் இவ்வளவு கறாராகப் பிடித்ததில்லை. மாஸ்டர் பிடித்தார். அவருக்கு அது அவ்வளவு வசதியாக இருந்தது.

“மாஸ்டருக்கு என்னா பக்தி!” என்று நல்லுசாமி அப்பாவியாக வியந்தார்.

சமாதிக்குக் காட்டியதும் முதல் சாண்ட்விச் அம்மாவுக்கு. அம்மா சாப்பிட்ட பிறகுதான் மணி அடிக்கும், வாசல் திறக்கும்.

அம்மா சாண்ட்விச்சை இரண்டு கையாலும் வாங்குவார். வாயில் வைப்பதற்கு முன்னால் மாஸ்டரைப் பார்ப்பார்.

“எப்படி இருக்கு மாஸ்டர்?”

சாப்பிடப் போகிறவர் கேட்கிற கேள்வியா இது? ஆனாலும் மாஸ்டர் நெஞ்சை நிமிர்த்திக்கொள்வார்.

“பிரமாதம்மா.”

“சரி.”

அம்மா கடைசிக் கடி வரைக்கும் சாப்பிடுவார். முகத்தில் ஒன்றும் தெரியாது. நன்று என்றும் சொல்ல மாட்டார், நன்றாயில்லை என்றும் சொல்ல மாட்டார். மணி அடிக்கும்.

தினமும் இதே கேள்வி. தினமும் இதே பதில்.

*

ஒரு நாள் மணி அடித்து, எல்லாருக்கும் கொடுத்து முடித்து, நல்லுசாமி தன் பங்கை எடுத்து ஒரு கடி கடித்தார்.

“தூ! தூ! என்ன மாஸ்டர் இது? வேப்பெண்ணெய் குடிச்ச மாதிரி இருக்கு!”

“என்னய்யா?”

“வெள்ளரிக்கா! காம்புப் பக்கம் நறுக்கித் தேய்க்கலியா? ஒரு நுனி கடிச்சுப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்குமே!”

மாஸ்டர் காம்பை நறுக்கி நுரை வரத் தேய்த்தார்தான். அப்புறம் ஒவ்வொன்றிலும் ஒரு நுனி கடித்துப் பார்க்க வேண்டும். அதைத்தானே அவர் செய்ய முடியாது?

வாசலுக்கு ஓடினார். வேப்பமரத்தடியில் பாதி தின்ற சாண்ட்விச்சுகள் கிடந்தன. சிலர் ரொட்டியைத் தின்றுவிட்டு வெள்ளரியை மட்டும் எறிந்திருந்தார்கள். பாவம், கோயிலுக்குப் போகிறவர்கள், யாரையும் குறை சொல்லாமல் போய்விட்டார்கள்.

“அம்மா முழுசா சாப்பிட்டாங்களேய்யா” என்றார் மாஸ்டர்.

“அதான் எனக்கும் புரியல.”

மாஸ்டருக்கு முதலில் வெட்கம் வந்தது. பின்னாலேயே ஆத்திரம் வந்தது. கசந்தால் கசக்கிறது என்று சொல்ல வேண்டியதுதானே! வாயில் என்ன கொழுக்கட்டையா? இப்படி மூச்சுக் காட்டாமல் தின்றால் நான் என்னவென்று எடுத்துக்கொள்வது?

சாயங்காலம் அம்மாவைத் தேடிப் போனார். அம்மா வாசல்படியில் உட்கார்ந்து உளுந்தில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

“என்ன மாஸ்டர்?”

“இல்ல... இன்னைக்கு வெள்ளரிக்கா...”

“ம்?”

“கொஞ்சம் முத்தல்மா.”

“அப்படியா?”

அம்மா ஒரு கல்லை எடுத்துத் தள்ளி வைத்தார்.

“வேற ஒண்ணும் இல்லியா?”

மாஸ்டரின் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. இன்னும் ஒரே ஒரு மூச்சு விட்டிருந்தால் வெளியே விழுந்திருக்கும்.

“வேற ஒண்ணும் இல்லம்மா.”

“சரி.”

அம்மா மறுபடியும் முறத்தைப் பார்த்துக் குனிந்துகொண்டார். மாஸ்டர் திரும்பி நடந்தார்.

*

கசந்த சாண்ட்விச் அவரை விடவில்லை. வேப்பமரத்தடியில் எறிந்து கிடந்ததுதான் கண்ணில் நின்றது. வாழ்நாளில் அவர் பரிமாறிய இலையில் யாரும் எதையும் மிச்சம் வைத்ததில்லை.

ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, ஆகா என்று சொல்ல வைக்க வேண்டும். தயிரும் வெள்ளரியும் போதாது. சட்னி வேண்டும். புதினா, மல்லி, பச்சை மிளகாய், இஞ்சி, அதோடு தேங்காய். கல்யாணங்களில் அவருடைய தேங்காய்ச் சட்னிக்காகவே இரண்டாம் பந்திக்குக் காத்திருந்தவர்கள் உண்டு.

“நாளைக்கு சாண்ட்விச்ல தேங்காய்ச் சட்னி வைக்கலாம்னு இருக்கேன்மா.”

“கத்திரில தேங்காயா?” என்றார் அம்மா.

“விடியக்காலைல அரைச்சு மத்தியானத்துக்குள்ள குடுத்துட்டா ஒண்ணும் ஆகாதும்மா. எனக்குத் தெரியாதா?”

“நீங்கதான் மாஸ்டர்.”

இது சம்மதமா, கிண்டலா? மாஸ்டருக்குப் புரியவில்லை. சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

விடிந்ததும் அரைத்தார். பகலில் கரண்ட்டை நம்ப முடியாது, அதனால் மிக்சி வேலையெல்லாம் அதிகாலையிலேயே முடித்துவிடுவது அங்கே பழக்கம். சட்னியை எவர்சில்வர் தூக்கில் வழித்து, ஈர மணலில் இறக்கி, மேலே ஈரத்துணி போட்டார். ஆசிரமத்தில் ஃபிரிட்ஜ் கிடையாது. ரொட்டி காலை பஸ்ஸில் வந்துவிடும். வந்ததும் தடவி அடுக்கிவிடலாம் என்பது கணக்கு.

பஸ் வரவில்லை.

“பிரேக் டவுனா இருக்கும்” என்றார் நல்லுசாமி. “நான் ஓட்டுன காலத்துல இப்படியெல்லாம் ஆகாது.”

“உன் காலத்தக் கேட்டேனா? ரோட்டப் பாருய்யா.”

வெயில் ஏறியது. மணல் காய்ந்தது. மாஸ்டர் தண்ணீர் தெளித்தார். அதுவும் காய்ந்தது. தகரக் கூரை படபடவென்று சத்தம் போட ஆரம்பித்தது.

உச்சிப்பொழுது நெருங்கும்போதுதான் ரொட்டி வந்தது. அதற்குள் வாசலில் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தியின் தோளில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

“சீக்கிரம், சீக்கிரம்!” என்றார் மாஸ்டர்.

தூக்கின் மேலிருந்த துணியை எடுத்தார்.

சட்னியின் ஓரத்தில் இரண்டு மூன்று குமிழிகள் இருந்தன.

மாஸ்டர் அப்படியே நின்றுவிட்டார். அரைத்தபோது வந்த நுரையாக இருக்கலாம். நுரையாகத்தான் இருக்கும். இருக்கணுமே, சாமி.

“என்ன மாஸ்டர் பாக்குறீங்க? தடவட்டுமா?”

“தடவு.”

நல்லுசாமி தடவினார். மாஸ்டர் வெள்ளரியை அடுக்கினார். பாதி ரொட்டி முடிந்தது. இன்னொரு குமிழி மெல்ல மேலே வந்து உடைந்தது.

அரைத்து இத்தனை நேரம் கழித்து எந்த நுரை மேலே வரும்?

“நல்லு, எதாவது வாசம் வருதா உனக்கு?”

நல்லுசாமி தூக்கில் மூக்கை நுழைத்தார். உறிஞ்சினார். பலமாகத் தும்மினார்.

“என் மூக்குல பொடி வாசம் தவிர வேற எதுவும் நுழைஞ்சு வருஷக்கணக்காச்சு மாஸ்டர். ஏன், உங்களுக்கு எதாவது வருதா?”

“எனக்கு... எனக்கு ஒண்ணும் வரல.”

அது பொய் இல்லை. அன்றைக்கு அதுவரை அவர் சொன்ன ஒரே உண்மை அதுதான், அதையும் பொய் மாதிரி சொன்னார்.

“ஒரு சொட்டு நாக்குல வெச்சுப் பாரேன்.”

நல்லுசாமி கரண்டியைக் கீழே போட்டுவிட்டார்.

“நானா? பெரியவருக்குக் காட்டாமலா? அன்னைக்கு விரல நக்கினதுக்கு என்ன பேச்சுப் பேசினீங்க! நான் மாட்டேன்பா. அந்தப் பாவம் எனக்கு வேணாம்.”

“இன்னைக்கு ஒரு நாள்...”

“மாஸ்டர், என்ன சோதிச்சுப் பாக்குறீங்களா?” நல்லுசாமி கன்னத்தில் போட்டுக்கொண்டார். “நான் இப்ப திருந்திட்டேன்.”

மாஸ்டருக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. தான் போட்ட பூட்டில் தானே மாட்டிக்கொண்டாயிற்று.

சட்னித் தூக்கை எடுத்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் போனார். சுற்றிலும் பார்த்தார். ஆள்காட்டி விரலால் வழித்து நாக்கில் வைத்தார். கண்ணை இறுக மூடிக்கொண்டார். நாற்பது வருஷத் தொழில், ஒரு தடவை கருணை காட்டு, ஒரே ஒரு தடவை, புளிப்பா இல்லையா அதை மட்டும் சொல்லு.

ஈரம் தெரிந்தது. பச்சை மிளகாய் எரிந்தது. அவ்வளவுதான்.

விரலைத் துண்டில் துடைத்தார்.

கெட்டுப்போயிருந்தால் இத்தனை பேரும் நடுவழியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு விழுவார்கள். மலைப்பாதையில் தண்ணீர்கூடக் கிடையாது. கெடாமல் இருந்து கொட்டிவிட்டால், செய்த ரொட்டியெல்லாம் வீண், பாதிப் பேர் பசியோடு போவார்கள். யாரையாவது ருசி பார்க்கச் சொல்லலாம். ஏன் மாஸ்டர், நீங்களே பார்க்கலாமே என்பார்கள்.

அங்கேதான் இடித்தது. அங்கேயே திரும்பத் திரும்ப இடித்தது.

“மாஸ்டர்!” நல்லுசாமி கூப்பிட்டார். “அம்மா வந்து உக்காந்துட்டாங்க. முதல் தட்டு எடுத்து வெச்சிட்டேன். சமாதிக்குக் காட்டிட்டு வந்துரவா?”

மாஸ்டர் வாயைத் திறந்தார். வார்த்தை வரவில்லை. அதைச் சம்மதம் என்று நினைத்துக்கொண்டு நல்லுசாமி போய்விட்டார்.

அம்மா இருக்கிறார் என்று மாஸ்டர் மனதைத் தேற்றிக்கொண்டார். முதலில் சாப்பிடுவது அவர்தானே. கெட்டிருந்தால் முதல் கடியிலேயே துப்பிவிடுவார். அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

துப்புவாரா?

வேப்பெண்ணெய் மாதிரி கசந்ததைக் கடைசிக் கடி வரைக்கும் தின்றவர் துப்புவாரா?



*

கூடத்தில் அம்மா சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். வெளியே வாசலில் குழந்தை விழித்துக்கொண்டு அழுதது. தாய் ஏதோ சொல்லிச் சமாதானப்படுத்தினாள்.

நல்லுசாமி சமாதியிலிருந்து திரும்பி வந்தார். தட்டை மாஸ்டரின் கையில் கொடுத்துவிட்டு மணிக்கயிற்றின் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.

மாஸ்டர் தட்டை நீட்டினார். அம்மா சாண்ட்விச்சை இரண்டு கையாலும் எடுத்தார். மாஸ்டரைப் பார்த்தார்.

“எப்படி இருக்கு மாஸ்டர்?”

“பிர...”

மீதி வரவில்லை.

அம்மா காத்திருந்தார். மாஸ்டர் தரையைப் பார்த்தார். நெற்றி வேர்வை கண்ணில் இறங்கி எரிந்தது.

“சரி” என்றார் அம்மா.

சாண்ட்விச்சை வாய்க்குக் கொண்டுபோனார்.

மாஸ்டருக்கு அப்புறம் என்ன நடந்தது என்று சரியாகத் தெரியாது. தட்டு தரையில் விழுந்து உருண்டது. அவர் கையில் சாண்ட்விச் இருந்தது. குருவின் வாயிலிருந்து பிடுங்கியிருந்தார்.

“மாஸ்டர்!” என்று அலறினார் நல்லுசாமி.

“எனக்குத் தெரியாதும்மா!” மாஸ்டர் கத்தினார். வாசலில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவருக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை. “எப்படி இருக்குன்னு எனக்குத் தெரியாது! இன்னைக்கு இல்ல, என்னைக்குமே தெரியாது! போன வருஷக் காய்ச்சல்ல எல்லாம் போச்சு. வாசனை போச்சு, ருசி போச்சு. மண்ணத் தின்னாலும் ஒண்ணுதான், மைசூர்பாகு தின்னாலும் ஒண்ணுதான். பிரமாதம் பிரமாதம்னு தினமும் உங்ககிட்ட பொய் சொன்னேன்.”

மூச்சு வாங்கியது.

“பக்தின்னு சொன்னதும் பொய். நான் சாமியத் தேடி வரல. ஒளிஞ்சுக்க வந்தேன்.”

நல்லுசாமியின் கையிலிருந்து மணிக்கயிறு நழுவியது.

அம்மா கையை நீட்டினார். மாஸ்டர் நசுங்கிப்போன சாண்ட்விச்சை அவர் கையில் வைத்தார். அம்மா அதைப் பிரித்து மோந்து பார்த்தார்.

“கெட்டுப்போச்சு” என்றார்.

மாஸ்டர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. அறுபதைத் தாண்டிய ஆம்பிளை, பத்துப் பேர் பார்க்க, விம்மி விம்மி அழுதார். நல்லுசாமிக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கொஞ்ச நேரம் கழித்து மாஸ்டர் இடுப்புத் துண்டை அவிழ்த்தார். மடித்து அம்மாவுக்கு முன்னால் வைத்தார்.

“நான் கிளம்பறேன்மா. மன்னிச்சிடுங்க.”

அம்மா எழுந்தார். துண்டைத் தாண்டி நடந்தார். நேராகச் சமையல்கட்டுக்குள் போனார்.

உள்ளேயிருந்து குரல் வந்தது.

“தடவாத ரொட்டி எவ்வளவு இருக்கு?”

மாஸ்டருக்குப் புரியவில்லை. வாசல் நிலையில் வந்து நின்றார்.

“பாதி இருக்கும்மா.”

“வெள்ளரிக்கா?”

“நிறைய இருக்கு.”

“தயிர்?”

“துணில தொங்குது.”

அம்மா அரிவாள்மணைக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

“பின்ன என்ன நின்னுக்கிட்டு இருக்கீங்க? குழந்தை அழுவுது.”

“நானா?”

“நல்லுசாமிக்கு வெண்ணெய் தடவ மட்டுந்தானே தெரியும்?”

“அதுவும் ஓரத்துல விட்டுடுவேன்மா” என்றார் நல்லுசாமி.

மாஸ்டர் உள்ளே வந்தார். கையைக் கழுவினார். சட்னி பட்ட ரொட்டிகளை ஒதுக்கித் தள்ளினார். தயிர்த்துணியை அவிழ்த்துக் கிண்ணத்தில் கொட்டினார். மிளகை இடித்தார். கேரட் துருவினார், புதினா இலையைக் கிள்ளிப் போட்டார். விரல்கள் நடுங்கிக்கொண்டேதான் இருந்தன. ஆனால் வேகம் குறையவில்லை. கிண்ணத்தில் உப்பைத் தூவிக் கலக்கினார். அந்த நடுக்கத்தில் அவருக்குக் கைக்கணக்கு தப்பிவிட்டது. எத்தனை சிட்டிகை போட்டோம்? போட்டோமா? தெரியவில்லை.

ரொட்டியில் வைத்தார். வெள்ளரியை அடுக்கினார். மேல் ரொட்டியை வைத்து அழுத்தினார். கத்தியை எடுத்து ஒரு மூலையை வெட்டினார்.

வெட்டிய துண்டைக் கையில் வைத்துக்கொண்டு பழக்கதோஷத்தில் தோட்டத்துப் பக்கம் திரும்பினார், சமாதிக்குக் கொண்டுபோக.

“மாஸ்டர்.”

திரும்பிப் பார்த்தார்.

அம்மா தரையில் உட்கார்ந்தபடியே அண்ணாந்து வாயைத் திறந்தார்.

மாஸ்டர் விழித்தார். அம்மா வாயை மூடவில்லை.

மாஸ்டர் குனிந்தார். துண்டை அம்மாவின் வாயில் வைத்தார்.

“அம்மா!” நல்லுசாமி பதறிப்போனார். “பெரியவருக்கு இன்னும் காட்டல!”

அம்மா கண்ணை மூடிக்கொண்டு நிதானமாக மென்றார். விழுங்கினார்.

“உப்பு போதல மாஸ்டர்” என்றார்.